'அரசு இலவசப் பயிற்சி, வேலை உறுதி' என்கிறார்கள், தம்பியைச் சேர்க்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. தம்பி பிளஸ் டூ முடித்து ஓராண்டாக வீட்டில் இருக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. அப்பாவுக்குக் கூலி வேலை. பக்கத்து ஊரில் ஒரு பயிற்சி மையம், 'தமிழக அரசின் இலவசப் பயிற்சி, மூன்று மாதம் சிஎன்சி, முடித்ததும் நூறு சதவீதம் வேலை' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. சிஎன்சி என்பது கணினிக் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் இயந்திரம். நேரில் போனால் பதிவுக் கட்டணம் 3,000 ரூபாயும் அசல் மதிப்பெண் சான்றிதழும் கேட்கிறார்கள். சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது: வேலைப் பயிற்சிக்காக அரசு உண்மையில் என்னதான் தருகிறது, அதில் எதை நம்பி இறங்கலாம்? எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரியதாகப் படுகிறது. முதல் கேள்விக்குச் சீக்கிரம் பதில் சொல்லிவிடலாம்.

3,000 ரூபாய் கொடுக்காதீர்கள். அரசு பணம் கட்டும் குறுகிய காலப் பயிற்சியில், பயிற்சி பெறுபவரிடம் கட்டணம் வாங்க இடமில்லை. பதிவு, சீருடை, பரீட்சை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அதேதான். அசல் சான்றிதழையும் கொடுக்காதீர்கள். சரிபார்க்க ஒரு முறை காட்டினால் போதும், அங்கே இருக்க வேண்டியது நகல்தான். அசலை வாங்கி வைத்துக்கொள்வது பையன் பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக. நாளைக்கு ஐடிஐயில் இடம் கிடைத்தாலோ வேறு வேலை வந்தாலோ, சான்றிதழை மீட்பதற்கே நீங்கள் நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.

மையம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பது புரிய, பணம் வரும் வழி தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் குறுகிய காலப் பயிற்சிகளுக்குப் பொறுப்பு தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம். 2009இல் இயக்கமாகத் தொடங்கி 2013இல் கழகமானது. கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களுக்கு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்', படிப்பை முடித்த அல்லது பாதியில் விட்ட இளைஞர்களுக்கு 2025 ஜூலை 1 அன்று தொடங்கிய 'வெற்றி நிச்சயம்' இரண்டும் இதன் வழியாகவே வந்தவை. பெரும்பாலான பயிற்சிகளைக் கழகம் தானே நடத்துவதில்லை. ஆள் ஒன்றுக்கு, மணி ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு மையத்துக்குத் தவணையாகத் தருகிறது. மத்திய அரசு 2015இல் அறிவித்த பொதுச் செலவு நெறிமுறையில் அந்தத் தவணைகள் பேட்ச் தொடங்கியதும் 30 சதவீதம், சான்றிதழ் வந்ததும் 50, வேலையில் சேர்ந்ததும் 20 என்று இருந்தன. விகிதங்கள் பிறகு மாறினாலும் அடிப்படை இதுதான்: ஆள் சேர வேண்டும், தேற வேண்டும், வேலையில் அமர வேண்டும்.

இதில் தவறில்லை. வேலை கிடைத்ததா என்று பார்த்துப் பணம் தருவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மையத்தின் தேவையும் உங்கள் தம்பியின் தேவையும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதைக் கவனியுங்கள். பேட்ச் நிறையாவிட்டால் மையத்துக்கு நஷ்டம், அதனால் பையனுக்குப் பொருந்துமா என்று பார்க்காமல் சேர்ப்பார்கள். கடைசித் தவணைக்குச் சம்பளச் சீட்டு வேண்டும், அதனால் ஒரே நேரத்தில் இருபது பேரை எடுக்கும் நிறுவனத்துக்கு மொத்தமாக அனுப்புவார்கள். அது சிஎன்சி பட்டறையாக இருக்க வேண்டும் என்பதில்லை. பேக்கிங் பிரிவாகவோ கிடங்காகவோ இருந்தாலும் கணக்கில் அது வேலைதான். ஆக, 'வேலை உறுதி' என்பது பல இடங்களில் பொய்யல்ல. ஆனால் அது கற்ற தொழிலுக்கான வேலை என்று உறுதியில்லை, ஆறு மாதம் கழித்தும் அதில் இருப்பான் என்றும் உறுதியில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடிய பக்கத்துக்கு வருகிறேன். உங்கள் தம்பியின் நிலையில் ஒருவருக்கு மாநில அரசு தருவதிலேயே கனமானது அரசு ஐடிஐ. பிளஸ் டூ முடித்துவிட்டு ஐடிஐயா என்று வீட்டில் கேட்பார்கள், அந்தத் தயக்கத்தை விடுங்கள். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் போன்ற தொழிற்பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வெல்டர், வயர்மேன் போன்றவற்றுக்கு எட்டாம் வகுப்பே போதும். ஆண்களுக்கு 14 முதல் 40 வயது வரை, பெண்களுக்கு மேல்வரம்பு கிடையாது. பயிற்சிக் கட்டணம் இல்லை. சேர்க்கையின்போது கட்டுவது இருநூறு ரூபாய்க்குள் முடியும். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், மிதிவண்டி, சீருடை, காலணி, பாடப்புத்தகம், வரைபடக் கருவிகள் எல்லாம் அரசு தருகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பையன் என்பதால் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் சேரும். அது 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கியது. மாணவிகளுக்கான 'புதுமைப் பெண்' 2022 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. தம்பிக்கு 750, 1,000 இரண்டையும் கூட்டினால் மாதம் 1,750 ரூபாய் ஆகிறது. கூலி வேலை செய்யும் வீட்டில், பையன் படிப்பதற்கான கைச்செலவு வீட்டின் தலையில் விழாமல் இருக்க இது உதவும்.

இந்தப் பணம் வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம் வங்கிக் கணக்கு. கணக்கு எண்ணைக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பணம் போவது ஆதார் எண்ணுடன் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்கு. பள்ளியில் ஒரு கணக்கு, பிறகு கடன் சங்கத்துக்காக ஒரு கணக்கு, யாரோ முகாம் போட்டபோது ஒரு கணக்கு என்று மூன்று இருந்தால், எதில் விழுகிறது என்றே தெரியாது. வங்கிக்குப் போய், நேரடிப் பணப்பரிமாற்றத்துக்காக ஆதார் இந்தக் கணக்கில்தான் இணைந்திருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பள்ளி மாணவருக்குத் தரும் அடையாள எண்ணான எமிஸ் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரின் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பெரும்பாலான அலைச்சல் குறையும்.

காசைவிட முக்கியம், கருவி கையில் இருக்கும் நேரம். ஐடிஐ பாடத்திட்டத்தில் ஆண்டுக்கு 1,200 மணி நேரம். அதில் 840 மணி நேரம் செய்முறை. இரண்டாண்டுப் பிரிவென்றால் 1,680 மணி நேரம் பட்டறையில் நிற்கிறான். மூன்று மாதப் பயிற்சியைப் போட்டுப் பார்ப்போம்: நாளைக்கு ஆறு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், ஒரு நாள்கூடத் தவறாமல் நடந்தாலும் 470 மணி நேரத்தைத் தொடாது. அதில் பாதி செய்முறை என்று வைத்து, ஓடுகிற நிலையில் ஒரே ஒரு சிஎன்சி இயந்திரம், முப்பது பேர் என்றால் ஆளுக்கு எட்டு மணி நேரம்கூடக் கிடைக்காது. எட்டு மணி நேரத்தில் கதவைத் திறந்து ஜாபை (வெட்ட வேண்டிய உலோகத் துண்டை) மாட்டி, பட்டனை அழுத்தி, கேஜ் வைத்து அளவு பார்க்கப் பழகலாம். டூல் ஆஃப்செட் போடுவது (வெட்டும் கருவியின் நிலையை அளவுக்கேற்பத் திருத்துவது), இன்சர்ட் எனும் வெட்டுமுனை தேய்ந்ததால் அளவு நழுவுகிறதா அல்லது ஜாப் சரியாகப் பிடிக்கவில்லையா என்று கண்டுபிடிப்பது, வரைபடத்தைப் பார்த்து எந்தப் பக்கத்தை முதலில் வெட்டுவது என்று முடிவெடுப்பது எல்லாம் அந்த நேரத்தில் வராது. பட்டறையில் முன்னதைச் செய்பவர் ஆபரேட்டர், பின்னதைச் செய்பவர் செட்டர். சம்பளத்தில் வித்தியாசம் தொடங்குவதே இந்த இடத்தில்தான். டர்னர் அல்லது மெஷினிஸ்ட் பிரிவில், கையால் லேத் ஓட்டி, வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடித்துப் பழகியவன் செட்டராக உயர்வது எளிது.

சான்றிதழும் வேறு. ஐடிஐ முடித்து அகில இந்தியத் தொழிற்தேர்வில் தேறினால் கிடைப்பது தேசியத் தொழிற்சான்றிதழ். ரயில்வே டெக்னீஷியன் வேலைக்கும் உதவி லோகோ பைலட் வேலைக்கும் அறிவிப்பில் கேட்பது இதைத்தான். மூன்று மாதச் சான்றிதழை அங்கே ஏற்கமாட்டார்கள். இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும், இதை மட்டும் முதல் நாளே தம்பிக்குச் சொல்லி வையுங்கள்.

ஐடிஐயிலும் எல்லாம் ஒரே தரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில இடங்களில் இயந்திரங்கள் பழையவை, சில இடங்களில் பயிற்றுநர் பணியிடம் காலியாக இருக்கும். மாநில அரசு டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை 2,877.43 கோடி ரூபாயில் மேம்படுத்தியிருக்கிறது. அங்கே உயர்நிலை சிஎன்சி, தொழிற்சாலை ரோபோ, மின்வாகன மெக்கானிக் போன்ற புதிய பிரிவுகள் வந்திருக்கின்றன. தம்பிக்குச் சிஎன்சியில்தான் ஆர்வம் என்றால், உங்கள் மாவட்டத்தில் இவற்றில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே எச்சரிக்கை: புதிய பிரிவு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம். தொழிற்சாலையிலேயே உதவித்தொகையுடன் தொழில் பழகும் அப்ரண்டிஸ் பயிற்சிக்கான அறிவிப்புகளில் இன்றைக்கும் அதிகம் கேட்கப்படுவது ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர், டர்னர், மெஷினிஸ்ட். உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் என்ன தொழில் நடக்கிறது என்பதை வைத்துத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

ஐடிஐக்கு அடுத்த படி அப்ரண்டிஸ். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும். 2019 விதித் திருத்தத்தில் ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய் என்று வைத்தார்கள்; நல்ல நிறுவனங்கள் அதற்கு மேலேயே தருகின்றன. மத்திய அரசு தன் பங்காக 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய், 2023 முதல் பயிற்சி பெறுபவரின் கணக்கிலேயே நேராகப் போடுகிறது. திருச்சி பெல், பெரம்பூர் ஐசிஎஃப், நெய்வேலி என்எல்சி, அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் அப்ரண்டிஸ் எடுப்பவை. முடித்த பிறகு அதே நிறுவனம் வேலை தர வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயமில்லை. ஆனாலும் ஒரு பெரிய தொழிற்சாலைக்குள் ஓராண்டு நின்றவன் என்றால் அடுத்த இடத்தில் மதிப்பு உண்டு. கவனிக்க வேண்டியது ஒன்று: 'அப்ரண்டிஸ்' என்று வாயால் சொல்லிவிட்டு 'ட்ரெய்னி' என்று சீட்டுக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. அரசின் அப்ரண்டிஸ் தளத்தில் பதிவான ஒப்பந்த எண் கையில் இருந்தால்தான் அது அப்ரண்டிஸ். இல்லாவிட்டால் பிஎஃப்பும் இல்லாத, கடைசியில் சான்றிதழும் இல்லாத கூலி வேலை.

அப்படியானால் மூன்று மாதப் பயிற்சி வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். வீட்டில் இரண்டாண்டு காத்திருக்க முடியாத நிலை, உடனே மாதச் சம்பளம் வந்தாக வேண்டும் என்றால் அதுவும் வழிதான். ஏற்கெனவே ஒரு டிப்ளமோ வைத்திருப்பவர் புதிதாக ஒரு மென்பொருளோ இயந்திரமோ கற்கவும், தையல், முதியோர் பராமரிப்பு, கிடங்கு வேலை போன்றவற்றில் நுழையவும் அது பொருந்தும். உங்கள் ஊர் மையம் நல்லதா என்பதை இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது, போய்ப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

மதியம் இரண்டு மணிக்கு, சொல்லாமல் போங்கள். வகுப்பறையில் புரொஜெக்டர் ஓடுகிறதா, பட்டறையில் ஆள் நிற்கிறார்களா என்று பாருங்கள். வெல்டிங் பயிற்சி என்றால் பூத்தின் தரையைப் பாருங்கள்: எரிந்து தீர்ந்த எலக்ட்ரோடு துண்டுகளும் கசடும் கிடக்க வேண்டும், ஒரு மூலையில் வெட்டிப் பற்றவைத்துப் பழகிய தகடுகள் குவிந்திருக்க வேண்டும். பெருக்கித் துடைத்து வைத்த பூத் என்றால் அங்கே யாரும் பற்றவைக்கவில்லை. சிஎன்சி என்றால் இயந்திரத்துக்குள் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ஈரமும் சுருள் சுருளான சீவலும் இருக்கிறதா, தட்டில் உள்ள இன்சர்ட்டுகள் முனை தேய்ந்தவையா என்று பாருங்கள். கணினித் திரையில் மட்டும் கற்றுத் தந்தால் அதை நேராகக் கேளுங்கள்: இயந்திரம் எத்தனை, பேட்சில் எத்தனை பேர்? பயிற்சியின் பெயர், அதன் தகுதிக் குறியீடு, மணி நேரம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். சான்றிதழை ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்திலோ டிஜிலாக்கரிலோ பார்க்க முடியுமா என்று கேளுங்கள். போன பேட்சில் முடித்த இரண்டு பேரிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அவர்கள் எந்த நிறுவனத்தில், என்ன வேலையில், எத்தனை மாதமாக இருக்கிறார்கள் என்பதைவிட நம்பகமான விளம்பரம் கிடையாது. பயோமெட்ரிக் வருகைக்கு விரல் ரேகை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்கிற மையமாக இருந்தால் அன்றைக்கே திரும்பிவிடுங்கள்.

வேலை என்று சொல்லும்போது சம்பளத்தையும் பிரித்துக் கேளுங்கள். மாதம் 15,000 என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால் பிஎஃப் 12 சதவீதம், 1,440 ரூபாய். இஎஸ்ஐ முக்கால் சதவீதம், 113 ரூபாய். கைக்கு வருவது 13,447. ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ தங்கவும் சாப்பிடவும் 4,500 ரூபாய் பிடித்தால் மிச்சம் ஒன்பதாயிரத்துக்கும் கீழே. நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கையும் சேர்த்துத்தான் 15,000 என்று சொல்லியிருந்தால் இன்னும் குறையும். முதல் மாதத்திலேயே பையன்கள் திரும்பி வந்துவிடுவதற்குப் பெரிய காரணம் வேலையின் கடினம் அல்ல, சொன்ன தொகைக்கும் கைக்கு வந்த தொகைக்கும் உள்ள இந்த இடைவெளிதான். முன்பே தெரிந்துகொண்டு போனவன் தாக்குப்பிடிப்பான்.

இன்னும் இரண்டு இடங்களையும் விசாரித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாராவது மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தாலோ நூறு நாள் வேலையில் குறைந்தது 15 நாள் செய்திருந்தாலோ, ஊரக இளைஞர்களுக்கான தீனதயாள் உபாத்யாய திட்டத்தில் தம்பிக்குத் தகுதி இருக்கிறது. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று செலவைப் பகிரும் திட்டம் அது. தமிழ்நாட்டில் மகளிர் திட்ட அலுவலகம் நடத்துகிறது, தங்கிப் படிக்கும் பயிற்சிகளில் உணவும் இடமும் இலவசம். சொந்தத் தொழில் எண்ணம் இருந்தால் மாவட்டத்தின் முன்னோடி வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. செல்போன் பழுது, மோட்டார் ரீவைண்டிங், கோழி வளர்ப்பு என்று சில வாரப் பயிற்சிகள், சாப்பாட்டோடு இலவசம், முடித்த பின் கடனுக்கு வழிகாட்டுவார்கள். வேலைவாய்ப்பு அலுவலகம் தரும் உதவித்தொகையை நம்பிக் காத்திருக்க வேண்டாம்: பதிவு செய்து ஐந்தாண்டு ஆகியிருக்க வேண்டும், பிளஸ் டூவுக்கு மாதம் 400 ரூபாய்தான். பதிவை மட்டும் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வையுங்கள்.

அரசு ஐடிஐ சேர்க்கை பொதுவாகப் பள்ளித் தேர்வு முடிவுகளை ஒட்டி, மே, ஜூனில் இணையத்தில் தொடங்கும். கலந்தாய்வு முடிந்த பிறகும் காலியிடம் இருந்தால் நேரடிச் சேர்க்கை நடக்கும். அதனால் தேதி போய்விட்டது என்று யாராவது சொன்னாலும் ஐடிஐ வாசலுக்கே போய் முதல்வரைப் பார்த்துக் கேளுங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், நான்கைந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு போனால் ஒரே நாளில் முடியும். ஒருவேளை தம்பி அந்த மையத்தில் ஏற்கெனவே அசலைக் கொடுத்துவிட்டிருந்தால், முதலில் எழுத்தில் கேளுங்கள், கேட்ட தாளின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். ஒரு வாரத்தில் தரவில்லை என்றால் அந்த நகலோடு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தின் உதவி இயக்குநரிடம் போங்கள். அங்கும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுங்கள், அல்லது 1100 எண்ணில் பதிவு செய்யுங்கள். மனுவில் மையத்தின் பெயர், பயிற்சியின் பெயர், கேட்ட தொகை, கேட்ட தேதி நான்கும் இருக்கட்டும்.